எரிமலை மூடும் சாலை

சாலையோரப் பெயர்ப்பலகைகள் பொதுவாக ஊரின் பெயரையோ தூரத்தையோ சொல்லும். இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவின் தென்கிழக்குக் கடற்கரைச் சாலையில் சில பலகைகள் ஆண்டுகளை மட்டும் சொல்கின்றன. 2002 என்று ஒரு பலகை. சிறிது தூரம் கடந்தால் 2004. பிறகு 2005, 2007. ஒவ்வொரு பலகைக்குப் பின்னாலும் மலையிலிருந்து கடல்வரை கரிய பாறை ஆறு ஒன்று உறைந்து கிடக்கிறது. அந்த ஆண்டில் எரிமலைக் குழம்பு இவ்வழியாக இறங்கி, இருந்த சாலையை மூடிவிட்டுக் கடலில் கலந்தது என்பதே பலகையின் பொருள். நாம் செல்லும் சாலை, மூடப்பட்ட சாலையின் மீது, அதாவது குழம்பின் மீது, புதிதாகப் போடப்பட்டது.

சில ஆண்டுகளுக்கு முன்பு அந்தச் சாலையில் இரண்டு நாள்கள் பயணம் செய்தேன். எரிமலையைப் பார்க்கத்தான் போனேன். திரும்பியபோது மனத்தில் நின்றது சாலை. மீண்டும் மூடப்படும் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு சாலையை ஓர் அரசு ஏன் மீண்டும் மீண்டும் போடுகிறது? பொருளாதாரம் கற்பித்தவனுக்கு இந்தக் கேள்வி எழாமல் இருக்க முடியாது.

ரீயூனியன், மொரீஷியஸுக்குத் தென்மேற்கே சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பரப்பளவு 2,512 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஒன்பது லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. 1946 முதல் பிரான்ஸ் நாட்டின் ஒரு மாவட்டம். அங்கே யூரோதான் நாணயம், பாரீஸின் சட்டம்தான் சட்டம். தீவு முழுவதும் எரிமலையின் ஆக்கம். நடுவில் உள்ள பீத்தோன் தெ நேழ் என்னும் சிகரம் கடல் மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. அது அணைந்துபோன எரிமலை. தென்கிழக்கில் உள்ள பீத்தோன் த லா ஃபூர்னேஸ் அணையவில்லை. அதன் உயரம் 2,632 மீட்டர். ஃபூர்னேஸ் என்றால் உலை. உலகில் மிக அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளுள் அதுவும் ஒன்று. ஏறத்தாழ ஓராண்டுக்கு ஒருமுறை அது வாய் திறக்கிறது.

இந்த எரிமலைக்கும் இந்தியாவுக்கும் ஓர் உறவு உண்டு. பூமியின் ஆழத்திலிருந்து வெப்பம் மேலெழும் ஓரிடத்தை 'வெப்பப் புள்ளி' என்கிறார்கள் புவியியலாளர்கள். அந்தப் புள்ளி ஏறக்குறைய நிலையாக நிற்க, அதன் மேலுள்ள நிலத்தட்டு மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய மகாராஷ்டிரப் பகுதி அந்தப் புள்ளியின் மேல் இருந்தது. அப்போது பெருகிய குழம்புதான் தக்காணத்தின் படிக்கட்டுப் பாறைகளாக உறைந்தது. அஜந்தாவும் எல்லோராவும் குடையப்பட்டது அந்தப் பாறையில்தான். இந்தியா வடக்கே நகர்ந்தது. அது விட்டுச் சென்ற தடத்தில் லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் ஆகியவற்றின் அடித்தளமான கடலடி மேடும், பிறகு மொரீஷியஸும், கடைசியாக ரீயூனியனும் உருவாயின. மும்பையிலிருந்து புணே செல்லும் ரயிலின் சன்னல் வழியாகத் தெரியும் கரும்பாறைக்கும், ஃபூர்னேஸ் சரிவில் பேரப்பிள்ளைகளின் வயதுடைய பாறைக்கும் ஊற்று ஒன்றே.

குழம்பு ஏன் எப்போதும் அந்தத் தென்கிழக்குச் சரிவிலேயே இறங்குகிறது? மலையின் உச்சிப்பகுதி பழங்காலத்தில் சரிந்து, குதிரைலாடம் போன்ற ஒரு பெரும் பள்ளமாகியிருக்கிறது. மூன்று புறமும் செங்குத்தான பாறைச் சுவர். நான்காவது புறம், கடலை நோக்கிய கிழக்குப் புறம், திறந்து கிடக்கிறது. பெரும்பாலான வெடிப்புகள் இந்தச் சுவர்களுக்குள்ளேயே நிகழ்கின்றன. அதிலிருந்து பெருகும் குழம்புக்கு வேறு வழியில்லை. சரிவில் வழிந்து கடலை நோக்கித்தான் வர வேண்டும். பல வேளைகளில் அது பாதியிலேயே உறைந்துவிடும். அளவு மிகுந்தால் கடற்கரை வரை வரும். அந்தச் சரிவுக்கு 'கிரான் புரூலே' என்று பெயர். பெரிய தீய்ந்த நிலம் என்று பொருள் கொள்ளலாம். தீவைச் சுற்றிவரும் தேசியச் சாலை எட்டு, பத்து கிலோமீட்டர் தூரத்துக்கு இதன் குறுக்கே போகிறது.

தலைநகர் சேன் தெனியிலிருந்து கிழக்குக் கரையோரம் காலையில் புறப்பட்டோம். ஓட்டுநர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், தமிழ் பேசத் தெரியாதவர். 1848 டிசம்பரில் தீவில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டு, 60,000-க்கும் மேற்பட்டோர் விடுதலை பெற்றனர். கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரி, காரைக்கால், சென்னைத் துறைமுகங்கள் வழியாக ஒப்பந்தக் கூலிகள் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் நடத்தப்பட்ட விதத்தைக் காரணம் காட்டி 1882-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அதற்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் போய்ச் சேர்ந்துவிட்டனர். அவர்களின் வழித்தோன்றல்களை அங்கே 'மலபார்' என்கிறார்கள். பெரும்பாலோர் தமிழர்களாக இருந்தும் இந்தப் பெயர் நிலைத்துவிட்டது. சேன் ஆந்த்ரே ஊரில் கோபுரங்களைக் கண்டோம். கடைப் பலகைகளில் ராமசாமியும் மாரிமுத்துவும் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் சற்றே உருமாறி நின்றார்கள். பாஞ்சாலியை 'பாண்டியாலே' என்றும் மதுரைவீரனை 'மார்தெவிரேன்' என்றும் வழிபடுகிறார்கள். தீமிதி தவறாமல் நடக்கிறது. எரிமலைத் தீவில் தீமிதி என்று நான் வியந்தேன். ஓட்டுநருக்கு அதில் வியப்பதற்கு ஒன்றும் தென்படவில்லை.

சேன் பெனுவாவைக் கடந்தால் சாலை ஒடுங்கிவிடுகிறது. கரும்புத் தோட்டங்களுக்கிடையே, கடலை ஒட்டி, வளைந்து வளைந்து போகும் பழைய சாலை. ஓரங்களில் சிவப்பு வண்ணம் பூசிய சிறு மாடங்கள். உள்ளே 'சேன் எக்ஸ்பெதீ' என்னும் புனிதரின் உருவம். கத்தோலிக்கர், மலபார்கள் என்ற வேறுபாடின்றி அவரிடம் வேண்டிக்கொள்கிறார்கள். கிழக்கு ஆற்றின் மேல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய தொங்குபாலம் இருக்கிறது. இப்போது வாகனங்களுக்கு அனுமதி இல்லை, நடந்து போகலாம். அதன்மீது நின்று கீழே பார்த்தால் ஆற்றுப் படுகை முழுவதும் கரிய உருண்டைக் கற்கள். மணல் என்று நாம் அறிந்த நிறம் எங்கும் இல்லை.

பீத்தோன் சேன்த் ரோஸ் சிற்றூரில் ஒரு தேவாலயம். 1977 ஏப்ரலில் எரிமலை, வழக்கத்துக்கு மாறாக, பாறைச் சுவர்களுக்கு வெளியே பிளந்தது. குழம்பு ஊருக்குள் இறங்கியது. பல வீடுகளும் காவல் நிலையமும் அழிந்தன. தேவாலயத்தின் வாசலைத் தாண்டிச் சிறிதளவு உள்ளே நுழைந்த குழம்பு அங்கேயே உறைந்து நின்றுவிட்டது. சுற்றிலும் பாறை, நடுவில் கட்டடம் மட்டும் அப்படியே. இப்போது அதன் பெயர் 'குழம்புகளின் அன்னை ஆலயம்'. குழம்பு மெதுவாக நகர்ந்ததால் மக்களை வெளியேற்ற நேரம் கிடைத்தது, உயிரிழப்பு இல்லை. அந்த நிகழ்வுக்குப் பிறகுதான் எரிமலையைக் கண்காணிக்க ஒரு நிரந்தர ஆய்வகம் தீவில் நிறுவப்பட்டது. நம்பிக்கையுள்ளவர்கள் ஆலயத்துக்குப் போகிறார்கள். இப்போது உயிர்களைக் காப்பது ஆய்வகத்தின் நிலநடுக்கமானிகள். இரண்டுக்கும் தாய் அந்த ஏப்ரல்தான்.

இதே கரையில் நீலக் குடை பிடித்த மாதா சிலை ஒன்றும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு தோட்ட உரிமையாளர் தம் வெனிலாக் கொடிகளை எரிமலையிலிருந்து காக்க அதை நிறுவினார் என்கிறார்கள். பின்னர் குழம்பு நெருங்கியபோது மாதாவையே தூக்கி வேறிடத்தில் வைக்க வேண்டியதாயிற்று.

புவா பிளான் சிற்றூரைத் தாண்டிப் பாறைச் சுவரிலிருந்து சாலை இறங்கியதும் கிரான் புரூலே தொடங்குகிறது. காட்சி திடீரென மாறுகிறது. வீடு இல்லை, தோட்டம் இல்லை, மின்விளக்கு இல்லை. இடப்புறம் கடல், வலப்புறம் மேகத்துக்குள் மறையும் சரிவு. பலகைகளில் ஆண்டுகள் வரத் தொடங்குவது இங்கேதான். ஒரு நூலகத்தில் புத்தக முதுகுகளைப் படித்துக்கொண்டு போவதுபோல் ஆண்டுகளைப் படித்துக்கொண்டு போகலாம்.

குழம்பு உறைவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பாகுபோல் வழவழப்பாக, முறுக்கிய கயிறுகளை அடுக்கியதுபோல் உறைவது. மற்றொன்று, உடைந்த செங்கல் குவியல்போல் கூரிய முனைகளுடன் உறைவது. அதன்மேல் கைவைத்தால் தோல் கிழியும். இந்தப் பாறையில் முதலில் குடியேறுவது சாம்பல் நிறப் பாறைப்பாசி. பிறகு இடுக்குகளில் பெரணி. அதற்கும் பிறகு சிறு மரங்கள். 2007 குழம்பின் மேல் பெரணியும் பாசியும் கண்டேன். அதனினும் பழைய குழம்புகளின் மேல் புதர். பெயர்ப்பலகையே இல்லாத பழங்குழம்புகளின் மேல் காடு. வெப்பநாடுகளில் வெறும் பாறை இவ்வளவு விரைவில் பசுமையாவதற்குக் காரணம் மழை. உலகில் 24 மணி நேரத்தில் பெய்த மிக அதிக மழை என்ற பதிவு இந்தத் தீவுக்குரியது: 1966 ஜனவரியில், ஒரு புயலின்போது, இதே எரிமலையின் மேற்பகுதியில் 1,825 மில்லிமீட்டர் பெய்தது. சென்னை ஓர் ஆண்டு முழுவதும் பெறுவதைக் காட்டிலும் இது அதிகம்.

2007 பலகையருகே வண்டியை நிறுத்தினோம். அங்குக் கிடப்பது மற்றக் குழம்புகளைப்போல் அல்ல. கண்ணுக்கெட்டிய தூரம் வரை கருமை. அந்த ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள் மலையின் அடிவாரத்துக்கு அருகே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்திலேயே, பிளவு திறந்தது. சில மணி நேரத்தில் குழம்பு சாலையைக் கடந்து கடலை அடைந்தது. வெளிவந்த குழம்பு 20 கோடி கனமீட்டருக்கும் மேல். இத்தீவில் குறைந்தது ஒரு நூற்றாண்டு காணாத அளவு. உள்ளிருந்த குழம்பு வடிந்துபோகவே, சில நாள்களில் உச்சிப் பள்ளத்தின் தளம் 300 மீட்டருக்கும் மேல் உள்ளே சரிந்தது. கடலில் கொதித்த நீரால் ஆழ்கடல் மீன்கள் இறந்து மேலே மிதந்தன. அவற்றுள் அரிய இனங்களும் இருந்தன. தெற்கே பாறைச் சுவரை ஒட்டியுள்ள திராம்பிளே கிராமத்தினர் வெளியேற்றப்பட்டனர். அதற்கு முந்தைய மாதம்தான் தீவின் தேசியப் பூங்கா சட்டப்படி அமைக்கப்பட்டிருந்தது. எரிமலை அரசிதழைப் படிப்பதில்லை போலும்.

சாலை பல மாதங்கள் அறுபட்டுக் கிடந்தது. பிறகு, உட்புறம் இன்னும் சூடாக இருந்த பாறையின் மேலேயே கற்களை உடைத்துச் சமன்செய்து தார் போட்டார்கள். மழை பெய்தால் சாலையின் இருபுறமும் ஆவி கிளம்பும். வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு போகும். இது பல ஆண்டுகள் தொடர்ந்தது என்றார் ஓட்டுநர்.

என் கேள்விக்கு இப்போது வருகிறேன். வகுப்பில் முப்பது ஆண்டுகள் 'மூழ்கிய செலவு' என்று ஒரு கருத்தைக் கற்பித்திருக்கிறேன். செலவழித்து முடிந்த, திரும்பப் பெற இயலாத பணத்தைக் கணக்கில் கொண்டு எதிர்கால முடிவை எடுக்கக்கூடாது என்பது பாடம். சொல்லுக்குச் சொல் மூழ்கிய செலவை நான் கண்டது அங்கேதான்: அடியில் புதைந்த தார்ச்சாலைகள், ஒன்றன்மேல் ஒன்றாக. ஆனால், அந்தச் சாலையை வீண்செலவு என்று நான் கருதவில்லை. காரணம், அது மலிவான சாலை. மேம்பாலம் இல்லை, பெருந்தூண்கள் இல்லை, தடுப்புச் சுவர்கள் அதிகம் இல்லை. கரடுமுரடான பாறைமேல் ஒரு தார்ப்படலம், அவ்வளவே. ஒரு சாலை சராசரியாக ஐந்தாண்டுக்கு ஒருமுறை அழியும் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது ஆண்டு நிற்கும்படி அதைக் கட்டுவது, விளையாட்டு மைதானத்துக் கூடாரத்துக்குக் கருங்கல் அடித்தளம் போடுவதற்கு ஒப்பாகும். எவ்வளவு காலம் இருக்கும் என்பதை இயற்கை தீர்மானிக்கும் இடத்தில், குறைந்த செலவில் கட்டி, விரைவாகத் திரும்பக் கட்டுவதே கணக்கு. குழம்பைத் திசைதிருப்பக் கரைகள் எழுப்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

இதில் மற்றொரு கூறும் உண்டு. அந்தச் சாலை அறுந்தால் தீவு இரண்டாகிவிடுவதில்லை. சேன் பெனுவாவிலிருந்து தெற்கே சேன் பியேருக்கு மலைச் சமவெளிகளின் ஊடாக இன்னொரு தேசியச் சாலை போகிறது. மாற்று வழி இருப்பதால்தான் முதல் வழியை இழக்கும் துணிவு வருகிறது.

எல்லாவற்றினும் முக்கியமானது, கிரான் புரூலேயில் வீடுகள் இல்லை என்பது. அது பொது வனநிலம். குடியிருக்க அனுமதி இல்லை. சாலை என்பது கடந்துபோகும் இடம். குழம்பு வருகிறது என்று தெரிந்தால் இரு முனையிலும் தடுப்பை வைத்து மூடிவிடலாம். வீட்டை அப்படி மூடிவிட்டுப் போக முடியாது. இந்த வேறுபாட்டின் மதிப்பை அறிய ஹவாய்த் தீவைப் பார்க்க வேண்டும். அதுவும் வெப்பப் புள்ளித் தீவு. அதே வகைக் குழம்பு. அங்கும் கடலோரம் ஓர் எழில்மிகு பழைய சாலை உண்டு. கிலாவேயா எரிமலையின் பிளவு மண்டலத்தின் மேலேயே, நிலம் மலிவு என்பதால், மனைப்பிரிவுகள் விற்கப்பட்டன. 1990-இல் கலபானா ஊர் குழம்பில் புதைந்தது. தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் அப்பகுதியிலிருந்து விலகத் தொடங்கின. வீட்டுக் காப்பீடு இல்லையேல் வங்கிக் கடன் இல்லை. எனவே 1991-இல் மாநிலச் சட்டமன்றம் ஒரு சிறப்புக் காப்பீட்டு அமைப்பை உருவாக்கியது. இரக்கத்தில் பிறந்த ஏற்பாடுதான். ஆனால் அதே ஏற்பாடு, ஆபத்தான நிலத்தில் வீடு கட்டுவதை மேலும் எளிதாக்கியது. 2018-இல் பிளவு மண்டலம் மீண்டும் திறந்தபோது 700-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. 2007-இல் ரீயூனியனில் பெருகிய குழம்பின் முன்னால் இருந்தது காடும் ஒரு தார்ச்சாலையும்தான்.

பிரான்ஸில் இயற்கைப் பேரிடர்க் காப்பீடு 1982 முதல் சட்டமாக இருக்கிறது. பின்னர் 1990-இல் கடல்கடந்த மாவட்டங்களுக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. பாரீஸில் அடுக்ககத்தில் இருப்பவரும் எரிமலை அடிவாரத்தில் இருப்பவரும் தங்கள் காப்பீட்டுத் தொகையின் மேல் ஒரே விகிதத்தில் கூடுதல் கட்டணம் செலுத்துகிறார்கள். நெடுங்காலம் 12 சதவீதமாக இருந்தது, 2025 தொடக்கம் முதல் 20 சதவீதமாகியிருக்கிறது. ஆபத்துக்கு ஏற்ற விலை இல்லை என்பதால் என் போன்ற பொருளாதார ஆசிரியர்கள் இதைக் கண்டு முகம் சுளிப்பது வழக்கம். ஆபத்தான இடத்தில் இருப்பவருக்கு விலை வாயிலாக எச்சரிக்கை கிடைப்பதில்லையே! அங்கே அந்த எச்சரிக்கையை நிலவரைபடம் தருகிறது. எங்கே கட்டலாம், எங்கே கட்டக்கூடாது என்பதை அரசின் இடர்த்திட்டம் முன்கூட்டியே வரையறுக்கிறது. விலையால் தடுப்பது ஒரு வழி, விதியால் தடுப்பது இன்னொரு வழி. இரண்டும் இல்லாதபோதுதான் காப்பீடு ஆபத்தை வளர்க்கிறது.

விதிகள் வரையும் கோட்டை எரிமலை எப்போதும் மதிப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1977-ஐப் போலவே 1986 மார்ச்சிலும் பிளவு பாறைச் சுவருக்கு வெளியே, தெற்கே சேன் பிலிப் பகுதியில் திறந்தது. சில வீடுகள் போயின, சாலை அறுந்தது, குழம்பு கடலில் சுமார் 25 ஹெக்டேர் புதிய நிலத்தைச் சேர்த்தது. அதற்காகச் சுவருக்கு வெளியே இருக்கும் ஊர்களையெல்லாம் காலி செய்துவிடலாமா? பீத்தோன் சேன்த் ரோஸ் மக்கள் திரும்பி வந்து, குளிர்ந்த பாறைக்கு நடுவே வீடு கட்டிக்கொண்டார்கள். எப்போதாவது வரும் ஆபத்தை ஏற்றுக்கொள்வதும், அடிக்கடி வரும் ஆபத்தின் வழியில் நிற்பதும் ஒன்றல்ல. எந்த அளவில் ஒன்று மற்றொன்றாக மாறுகிறது என்பதற்கு எந்தச் சூத்திரமும் இல்லை. திராம்பிளேயில் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டியைப் பார்த்தேன். அவருக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

தீவின் மறுகோடியில், வடமேற்கில், இதற்கு நேர் எதிரான சாலை ஒன்று இருக்கிறது. சேன் தெனியிலிருந்து மேற்கே செல்லும் கடற்கரைச் சாலை 1963-இல் செங்குத்தான எரிமலைப் பாறையின் அடியில் போடப்பட்டது, 1976-இல் அகலப்படுத்தப்பட்டது. பழங்குழம்பு அடுக்குகளாலான அந்தப் பாறை மழையில் உடைந்து விழும். 2006 மார்ச்சில் ஏற்பட்ட பெரும் சரிவில் இருவர் இறந்தனர். இந்தச் சாலை தலைநகரையும் துறைமுகத்தையும் இணைக்கிறது. மாற்று, மலைமேல் வளைந்து போகும் பழைய குறுகிய பாதை மட்டுமே. எனவே, 12 கிலோமீட்டர் தூரத்துக்குச் சாலையைக் கடலுக்குள்ளேயே தள்ளிக் கட்டத் தீர்மானித்தார்கள். 5.4 கிலோமீட்டர் நீளக் கடற்பாலம் 2022-இல் திறக்கப்பட்டது. மொத்தச் செலவு 200 கோடி யூரோவைத் தாண்டிவிட்டது, இன்னும் முடியவில்லை. மீதித் தூரத்தைக் கற்கரையாகக் கட்ட முதலில் திட்டமிட்டிருந்தார்கள். அதற்கு வேண்டிய பாறை கிடைக்காமல் பணி நின்றது. புதிய கல்குவாரிகளுக்கு மக்கள் எதிர்ப்பு, வழக்குகள். முழுக்க முழுக்கப் பாறையாலான தீவில் பாறைத் தட்டுப்பாடு என்பதை நான் வகுப்பில் சொல்லியிருந்தால் மாணவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள்.

அந்தப் பாலம் தேவையற்றது என்று சொல்ல வரவில்லை. நாள்தோறும் பல்லாயிரம் பேர் செல்லும் சாலையில் கல் விழுவதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க இயலாது. ஆனால், இந்தச் சிக்கல் எரிமலை கொடுத்ததன்று. தலைநகர், துறைமுகம், அலுவலகங்கள், குடியிருப்புகள் எல்லாவற்றையும் ஒரே ஓரத்தில் குவித்துவிட்டு, அவற்றை ஒரே சாலையால் கட்டியதன் விலை அது. கிழக்கிலும் மேற்கிலும் பாறை ஒன்றுதான். ஒன்றுக்கு ஒரு தார்ப்படலம் போதுமாயிருக்கிறது, மற்றொன்றுக்கு 200 கோடி போதவில்லை.

சேன் பிலிப்பில் அன்றிரவு தங்கினோம். அங்குள்ள ஈரக்காடுகளில், பழங்குழம்பின் மேல் வளர்ந்த மரங்களில், வெனிலாக் கொடிகளைப் படரவிடுகிறார்கள். மெக்சிகோவிலிருந்து வந்த கொடி. இங்குப் பூத்தது, காய்க்கவில்லை. அதை மகரந்தச் சேர்க்கை செய்யும் பூச்சி இங்கில்லை. 1841-இல் எட்மோன் என்னும் 12 வயது அடிமைச் சிறுவன் ஒரு சிறு குச்சியையும் கட்டைவிரலையும் கொண்டு பூவைச் சினைப்படுத்தும் முறையைக் கண்டுபிடித்தான். இன்று உலகம் முழுவதும் வெனிலாத் தோட்டங்களில் அந்த முறைதான். 1848-இல் விடுதலையோடு அவனுக்கு அல்பியூஸ் என்ற குடும்பப் பெயரும் கிடைத்தது. வேறெதுவும் கிடைக்கவில்லை, 1880-இல் வறுமையில் இறந்தான். தீவில் எரிமலைக்கு எத்தனையோ நினைவுப் பலகைகள் இருக்கின்றன. இந்தச் சிறுவனுக்கு அதைவிட அதிகம் இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை 1986 குழம்பு உருவாக்கிய முனைக்கு நடந்து போனோம். என்னைவிட இளைய நிலத்தின் மேல் நடக்கும் வாய்ப்பு அடிக்கடி கிடைப்பதில்லை. கரிய பாறை கடலில் செங்குத்தாக இறங்குகிறது. அலை மோதும்போது கால் அதிர்கிறது. இந்த 25 ஹெக்டேர் யாருடையது என்று கேட்கத் தோன்றியது. ஹவாயில் இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்கே போயிற்று. 1955-இல் ஒரு தனியார் மனையைக் கடந்து கடலில் இறங்கிய குழம்பு, ஏறத்தாழ எட்டு ஏக்கர் புதிய நிலத்தை உருவாக்கியது. மனைக்காரர் தம்முடையது என்றார். அரிதாகக் கிடைக்கும் இந்தக் கொடை பக்கத்து நிலக்காரருக்கு உரியதன்று, மக்கள் அனைவருக்கும் உரியது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1977-இல் தீர்ப்பளித்தது. குழம்பால் நிலத்தை இழந்தவருக்கே அந்த நிலம் கிடைக்காதா என்று கேட்கத் தோன்றும். ஆனால், கடற்கரை முழுவதும் வேலியிடப்பட்ட தீவுகளைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அந்தத் தீர்ப்பில் மனக்குறை இல்லை. எந்த வேலியும் தடுக்காமல் நான் அந்த முனையில் நின்றதும் அப்படியொரு எண்ணத்தின் பயன்தான்.

திரும்பும்போது மீண்டும் கிரான் புரூலே. மழை பிடித்துக்கொண்டது. ஓரிடத்தில் சாலைப் பணியாளர்கள் இருவர் விளிம்பில் பெயர்ந்த தாரைச் சரிசெய்துகொண்டிருந்தனர். அடுத்த குழம்பு வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஓட்டுநரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைப்பானால் துடைக்கவிட்டு, மேகத்துக்குள் மறைந்திருந்த சரிவின் பக்கம் ஒருமுறை பார்த்தார். "சமவெளிச் சாலையில் போவேன் ஐயா. அந்தப் பக்கம் குளிர் அதிகம், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ள வேண்டும்" என்றார்.